ஆறு வீட்டுக் குழாய்களை மூடிய பத்து நிமிடம்

எங்கள் குளியலறைச் சுவரில் நூற்று முப்பத்திரண்டு டைல்கள். நூற்று முப்பத்தொன்று வெள்ளை, ஒன்று மட்டும் மங்கலான மஞ்சள். வருகிறவர்கள் கண்ணில் அதுதான் முதலில் படுகிறது. மகன் இரண்டு தடவை ஆளைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டான். இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினேன். அதை மாற்ற மாட்டேன். காரணம் கேட்டால் அது பெரிய கதை என்று இத்தனை நாள் தட்டிக்கழித்து வந்தேன். எழுத உட்கார்ந்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லி ஜனக்புரியில் இந்த வீடு எங்களுக்கு ஒதுக்கீடானது. தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், தளத்துக்கு இரண்டு, ஆக ஆறு வீடு. எங்களுடையது நடுத்தளம். நான் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் கருவிப் பிரிவில் வேலை பார்த்தேன். என் மனைவி ஓர் அமைச்சகத்தில் சுருக்கெழுத்தர். நாற்பது வயதாவதற்குள் அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம் வந்துவிட்டது. கோடையில் ஒன்றும் தெரியாது. டிசம்பர் பிறந்துவிட்டால் காலையில் பத்து விரலும் விறைத்துக் கிடக்கும். சேலைக் கொசுவத்தைப் பிடிக்கக்கூட மடங்காது. வெந்நீரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் ஊறினால்தான் ஒவ்வொன்றாக இளகும். விரல் மடங்காத சுருக்கெழுத்தரை எந்த அதிகாரி வைத்துக்கொள்வார்? தபால் அனுப்பும் பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்.

அதற்காகத்தான் கீஸர் வாங்கினோம். ஆறு வீட்டுக்கும் முதல் கீஸர். வாளிக்குள் போட்டுத் தண்ணீரைச் சூடாக்கும் மின்சார ராடு முந்தின குளிர்காலத்தில் அவளுக்கு ஷாக் கொடுத்திருந்தது. அதை இனித் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரேஷனில் வரும் மண்ணெண்ணெய் சமையலுக்கே பற்றாது.

அந்தக் கீஸரை நான் வைத்திருந்த மாதிரி டெல்லியில் வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். எங்கள் பகுதித் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். உள்ளே சூடாகும் கம்பிச்சுருள் ஒரே வருஷத்தில் வெள்ளைவெளேரென்று படிவு கட்டி, பருத்துப்போய், மின்சாரத்தைத் தின்றுவிட்டு வெதுவெதுப்பாகத் தண்ணீர் தரும். வருஷா வருஷம் அதைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். சிறு கண்ணாடிப் பாகங்களைக் கழுவ அங்கே ஒரு மீயொலித் தொட்டி உண்டு. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைத் தண்ணீருக்குள் செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றித் தோன்றி உடையும். அந்த உடைப்பில் படிவு தூளாக உதிரும். மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். அடுத்த வாரம் அவரும் தன் வீட்டுக் கம்பிச்சுருளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார்.

அப்படிப்பட்ட கீஸர் ஒழுகுகிறது என்றார் கீழ்வீட்டுக்காரர்.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற பஞ்சாபிக்காரர். அவருடைய குளியலறைக் கூரை ஈரமாகிச் சொட்ட ஆரம்பித்திருந்தது. என்னைக் கூட்டிப்போய் நிறுத்தி, இந்தியில் கேட்டார்: “காலையில உங்க வீட்டம்மா குளிக்கும்போது சொட்டுது. அவங்க குளிச்சு முடிச்சா குறைஞ்சிடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், மத்ராஸி சாப்?”

நான் எண்ணிப் பார்த்தேன். காலையில் நிமிஷத்துக்கு இருபத்திரண்டு சொட்டு. மத்தியானம் இரண்டு. மாலையில் மறுபடியும் இருபது.

“சாயங்காலம் என் மனைவி குளிக்கிறதில்லையே?” என்றேன்.

“கை கால் கழுவுவாங்கல்ல?”

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம் கூடியது. மேல்தளத்து வங்கி அதிகாரிதான் செயலாளர். ஒருநாள் முழுக்க என் வீட்டுக் குழாயின் வால்வை மூடிப் பார்த்தாகிவிட்டது, அப்போதும் சொட்டியது என்று சொன்னேன். தளம் குடித்த தண்ணீர் வடிய ஒரு வாரம் ஆகும் என்றார் அவர். அப்படியானால் கீழ்வீட்டுக்காரர் குழாயையும் ஒரு வாரம் மூடிப் பார்க்கலாமே என்றேன். கீழ்வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“வாஹ் ஜி வாஹ்! ஒழுகுறது என் கூரை. தண்ணியில்லாம கிடக்கிறதும் நானா?”

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு பிளம்பர் வருவார், கீஸரைக் கழற்றிவிட்டுத் தரையிலிருந்து சுவரை உடைத்துப் பார்ப்பார், ஈரம் காயும்வரை கீஸர் கூடாது என்று முடிவானது. எப்போது காயும் என்று கேட்டேன். ஹோலி வரை ஆகலாம் என்றார் செயலாளர். அப்போது டிசம்பர்; ஹோலி வருவது மார்ச்சில்.

“எங்கே ஒழுகுதுன்னு காட்டிட்டு உடைங்க. ஊகத்துக்கெல்லாம் என் சுவரைத் தர முடியாது.”

“அப்போ நீங்களே காட்டுங்க.”

“காட்டுகிறேன்.”

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“ஏன் கெடந்து பதறுதீங்க?” என்றாள் மனைவி. அவளும் திருநெல்வேலிப் பக்கம்தான். “உடைச்சிட்டுப் போறாங்க. நான் அடுப்புல வெந்நி வச்சுக்கிடுதேன்.”

“ஹோலி வரைக்கும் மண்ணெண்ணெய்க்கு எங்க போவ?”

“அப்போ தபால் பிரிவுக்கே போயிடுதேன். ஸ்டாம்பு ஒட்டுததுக்கு நாக்கு போதும், விரல் வேண்டாம்.”

சிரிக்காமல் சொன்னாள். அன்றிரவே பரண்மேலிருந்து டிபன் டப்பாவை இறக்கினேன்.

டப்பா என்றால் டப்பாதான். ஆனால் உள்ளே இருந்தது நான் செய்த கருவி. ஆய்வுக்கூடத்தில் காற்றழுத்தக் குழாய்களின் கசிவைக் கண்டுபிடிக்க இது போல ஒன்றைச் செய்து கொடுத்திருந்தேன். அதே வரைபடத்தை வைத்து வீட்டில் பொழுதுபோக்காக இன்னொன்று செய்தேன். சின்ன ஓட்டை வழியாக அழுத்தத்தோடு தண்ணீர் பீறிடும்போது சீறும். அந்தச் சீறலில் ஒரு பகுதி நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். உயரமான ஒலி அதிக தூரம் போகாது. அதனால் எங்கே உரக்கக் கேட்கிறதோ அதற்குப் பக்கத்தில்தான் ஓட்டை. ஒரு பித்தளைக் கம்பியைச் சுவரில் வைத்தால், அதன் அடியில் ஒட்டிய படிகத் தகடு அந்த ஒலியை வாங்கும். டப்பா அதைக் காதுக்கு எட்டும்படி இறக்கித் தரும். ஹெட்போன் பழைய ரேடியோச் சாமான் கடையில் வாங்கியது.

திங்கட்கிழமை காலை தண்ணீர் வந்ததும் கம்பியைச் சுவரில் வைத்தேன். குற்றாலத்தில் மெயின் அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்த மாதிரி இருந்தது. எங்கே வைத்தாலும் அதே இரைச்சல்.

காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. எங்கள் பகுதியில் தண்ணீர் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான் வரும். தூங்கிப்போய்விடக் கூடாதென்று குழாயைத் திறந்து, அடியில் காலி வாளியை வைத்துவிட்டுப் படுப்பது ஆறு வீட்டிலும் வழக்கம். வாளியில் தண்ணீர் விழும் சத்தம்தான் அலாரம். எழுந்த பிறகும் ஒரு குழாயையும் மூடமாட்டோம். வாளி, டிரம், அண்டா, குக்கர் என்று கொள்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்புவோம். மொட்டைமாடியில் வீட்டுக்கொரு தொட்டி வேறு நிரம்பிக்கொண்டிருக்கும். இத்தனை ஓட்டத்தின் சத்தமும் குழாய் வழியே என் சுவருக்கு வந்தது. கசிவு மட்டும் கேட்க வேண்டுமென்றால் குழாயில் அழுத்தம் இருக்க வேண்டும், ஆனால் எந்த வீட்டிலும் தண்ணீர் ஓடக் கூடாது. அதாவது, தண்ணீர் வரும் நேரத்தில் ஆறு வீடும் பத்து நிமிஷம், மாடித் தொட்டியில் விழும் குழாயையும் சேர்த்து, எல்லாக் குழாய்களையும் மூட வேண்டும்.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒரு வீட்டில் மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில், “பாகல் ஹோ கயே க்யா?”, பைத்தியம் பிடித்துவிட்டதா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். “அந்தப் பத்து நிமிஷத்துல பிரஷர் போயிடுச்சுன்னா யார் பொறுப்பு?” என்றார் செயலாளர். நான் அழுத்தம், அதிர்வு எல்லாம் விளக்கினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மாலை என் மனைவி சொன்னாள்: “நீங்க சயின்ஸ் பேசுதீங்க. இந்தக் குளிர்ல அவங்களுக்கு வேண்டியது வெந்நி. வீட்டுக்கு ஒரு வாளி தாரேன்னு சொன்னா மூட மாட்டாங்களா?”

“இருபத்தஞ்சு லிட்டர் கீஸர். அஞ்சு வீட்டுக்கு அஞ்சு வாளி. பச்சைத் தண்ணி கலந்தாலும் ரெண்டு தடவை சூடாக்கணும்…”

“கணக்கு இருக்கட்டும். நாளைக்கு சுவிட்சைப் போட மறந்துடாதீங்க.”

அவளே படியிறங்கிப் போனாள். கீழ்வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. அது எனக்குத் தெரியாது, இவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மாவும் இவளுமாக மற்ற வீடுகளுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது ஐந்து வீட்டிலும் சம்மதம் வாங்கியிருந்தாள்.

சனிக்கிழமை காலை தண்ணீர் வந்தது. ஒவ்வொரு குழாயாக மூடும் சத்தம் கேட்டது. ஒதுக்கீடு கிடைத்த நாளிலிருந்து அந்த நேரத்தில் அந்தக் கட்டிடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. கம்பியை முதலில் கீஸரின் குழாயில் வைத்தேன். ஒன்றுமில்லை. பிறகு சுவரில், டைல் டைலாக. கதவுப் பக்கம் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் லேசாக. ஏழாவதில், கீழிருந்து நான்காவது வரிசையில், கடுகு போடுமுன் காய்ந்த எண்ணெய் இரைவது மாதிரி ஒரு சீறல். தள்ளி வைத்தால் குறைந்தது. திரும்ப வைத்தால் வந்தது. பென்சிலால் ஒரு குறி போட்டேன்.

பிறகு என் வால்வையும் மூடினேன். அப்படியும் சீறல். கீழ்வீட்டுக்காரர் மங்கி குல்லாவோடு வாசலில் நின்றிருந்தார். குல்லாவைத் தூக்கி, ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். மாடிப்படியிலிருந்து என் மனைவி கீழ்வீட்டம்மாவுக்குக் குரல் கொடுத்தாள்: “பெஹன்ஜி, உங்க வால்வை மூடுங்க!”

அவர் முகம் மாறியது. சீறல் நின்றுவிட்டது.

“பெஹன்ஜி, திறங்க!”

திரும்ப வந்தது. மூன்று தடவை மூடித் திறந்தோம். மூன்று தடவையும் அதேதான்.

“மெஷின் கெட்டுப்போச்சு” என்றார் அவர்.

கீழேயிருந்து அவர் மனைவி கேட்டார்: “என்னன்னு சொல்லுங்க ஜி! முட்டி நோகுது எனக்கு, எத்தனை தடவை குனியறது?”

செயலாளரும் வந்து கேட்டார். விஷயம் தெளிவானது. கீழ்வீட்டிலிருந்து மொட்டைமாடியில் இருக்கும் அவர்களுடைய தொட்டிக்குப் போகும் குழாயைக் கட்டியவர்கள் வெளியே விடாமல் என் குளியலறைச் சுவருக்குள் புதைத்திருந்தார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் அதில் அழுத்தம் இருந்தது. அப்போது மட்டும் கசிந்தது. என் மனைவி குளிப்பதும் அந்த நேரம்தான். மொத்தக் குற்றச்சாட்டும் அவ்வளவே.

“சரி, குழாய் அவரோடது. ஆனா சுவர் உங்களோடதுதானே? உடைச்சுத்தானே ஆகணும்?” என்றார் செயலாளர். “நீங்க தப்பான இடத்தைக் காட்டியிருந்தா?”

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் வரும் நேரத்தில், பிளம்பர் உளியும் சுத்தியலுமாக வந்து தரையோரம் குந்தினார். நான் குறுக்கே நின்றேன்.

“ஒரு டைல். பென்சில் குறி இருக்கிறது மட்டும்.”

“சாப், அதுல என் கையே நுழையாதே!”

“கண் நுழைஞ்சா போதும். அங்கே இல்லைன்னா கீஸரை நானே கழற்றித் தாரேன். முழுச் சுவரையும் உடைச்சுக்குங்க.”

இதை ஐந்து வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலி குழாய் வழியே ஓடி, வளைவில் போய்த் தங்கி, வேறு இடத்தில் உரக்கக் கேட்க வாய்ப்புண்டு. எனக்கு அது நன்றாகத் தெரியும். பின்னாலிருந்து என் மனைவி மெல்லச் சொன்னாள்: “பென்சிலை எதுக்குக் கடிக்கீங்க? பாக்கெட்டுல போட்டுக்கிடுங்க.”

டைல் நான்கு துண்டாக விழுந்தது. காரை சொதசொதவென்று வந்தது. உள்ளே துருப்பிடித்த இணைப்பு ஒன்று. அதன் ஓரத்தில் நூல் போலத் தண்ணீர் பீறிட்டு, பிளம்பர் மூக்கில் அடித்தது.

யாரும் கை தட்டவில்லை. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி இவர் சுவர்லேர்ந்துதானே வருது? நான் அன்னிக்கே சொன்னேனே!” என்றார்.

“உங்க குழாயிலேர்ந்து.”

“சுவர்?”

“என்னோடது. அதனாலதான் ஒரு டைலுக்கு மேல தரலை.”

அன்று மாலைக்குள் அவருடைய பழைய குழாயைக் கீழேயே அடைத்துவிட்டு, கட்டிடத்துக்கு வெளியே புதுக் குழாய் போட்டார்கள். என் சுவரை அதற்கு மேல் யாரும் தொடவில்லை. கடையில் அதே வெள்ளை கிடைக்காமல் மஞ்சளில் ஒன்றை வாங்கிப் பதித்தேன். பிறகு வெள்ளை கிடைத்தது என்று செயலாளர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். முழுச் சுவரையும் கேட்டவர்களுக்கு நான் கொடுத்தது எவ்வளவு என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை, கீஸரிலிருந்து ஆவி பறக்க வாளி நிறைந்தது. மனைவி கையை உள்ளே வைத்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னத்த எண்ணுதீங்க?”

“ஒண்ணுமில்லை.”

கடைசியாக இடது சுண்டுவிரல். பத்தும் மடங்கின. அவள் கையை உதறிவிட்டு, சேலையைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடினாள்.