நான் சுற்றிய டேப்

காலை பத்து இருபதுக்குக் கண்மாயில் என் மகள் செய்த மீட்புப் படகு கவிழ்ந்தது. சோதனைக்காக அவளே கவிழ்த்ததுதான். பின்பக்கம் தொங்கும் சிவப்புப் பிடியை இழுத்தால் ஒரு பை காற்றால் உப்பி, படகைப் புரட்டி நிமிர்த்திவிடும் என்று சொல்லியிருந்தாள்.

படகு நிமிரவில்லை. கயிறு காலில் சிக்கி, அவள் தலை முங்கி முங்கி எழுந்தது.

காரணம் நான். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையில் வேலையை மேற்பார்க்கும் ஃபோர்மேனாக இருப்பவள். திரி முனையைத் தாளால் மூடாமல் ஒரு வெடியையும் வெளியே விடமாட்டேன். பிடி திறந்து தொங்கியதைப் பார்த்ததும், யாராவது தெரியாமல் இழுத்துவிடுவார்களோ என்று பயந்து, அவள் லைஃப் ஜாக்கெட் மாட்டப் போன நேரத்தில் அதன்மேல் டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டேன்.

"ஏட்டி, டேப்பப் பிய்யி! நாந்தான் சுத்துனேன்!"

கரையில் வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தொழிலில் கை படாமல் மூடி வைப்பதுதான் பாதுகாப்பு. தண்ணீரில் கைக்கு எட்டுவதுதான் பாதுகாப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் டேப்பைப் பிய்த்துப் பிடியை இழுத்தாள். 'டப்' என்று பை உப்பியது. படகு நிமிர்ந்தது.

நகம் பிய்ந்த விரலோடு கரையேறி வந்தாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கம்மா. ஒன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிக ஊருக்கு ஊரு இருப்பாக. அவுக சுத்தி மூட முடியாத எடத்துல பிடிய வைக்கணும். மறுபடி கவுத்தப் போறேன். கிட்ட வந்து நின்னு, எங்கன வைக்கலாம்னு நீயே சொல்லு."