தாய்மாமன் நடுக்களத்தில்

நான் வாய்க்காரி. ஜெர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் சுபானியைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். என் தம்பி கவிஷனோ வாயே திறக்காதவன். எனக்குப் பதினேழு வருடம் கழித்துப் பிறந்த கடைக்குட்டி. பந்தை வாங்கி, திரும்பி, இன்னொருவன் காலில் கொண்டுபோய் வைப்பான். கோல் அடித்தவனை எல்லோரும் தூக்கிக் கொண்டாடும்போது, இவன் தன் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருப்பான். கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரன் என்றால் அப்படித்தானாம்.

பத்தொன்பது வயதில் ஒரு தொழில்முறைக் கழகத்தின் இரண்டாம் அணியில் இருந்தான். ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து முதல் அணியில் இரண்டு பேருக்குக் காலில் அடி. கவிஷனுக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை வெளியூரில் ஆட்டம், வெள்ளி மதியம் பஸ். இதை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பே இல்லை.

அதே சனிக்கிழமைதான் என் மகள் கம்சனாவின் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்தது. முந்நூறு பேர் வருகிறார்கள். பிள்ளையின் தலையில் முதலில் பால் அறுகு வைக்க வேண்டியவன் தாய்மாமன். எனக்கு இருப்பதோ ஒரே தம்பி.

"அக்கா, சனிக்கிழமை எனக்கு ஏலாது போல..." என்றான் போனில்.

"என்னடா கதை கதைக்கிறாய்? பந்துதான் உனக்குப் பெரிசோ? வராட்டி இனி இந்த வீட்டு வாசல் மிதிக்காதை!"

போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் கம்சனா வந்து நின்றாள். "அம்மா, மாமா டிரெய்னரிட்டை ஏலாதெண்டு சொல்லிப்போட்டார். 'நான் கட்டாயம் வாறன்' எண்டு எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்."

ஆறு வருடம், மழையிலும் பனியிலும், வேலை முடிந்த கையோடு அவனைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கியவள் நான். அந்த நன்றிக்காகத்தான் இந்தப் பிள்ளை எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. கடவுளே, நானும் ஒரு அக்காவோ!

பயிற்சியாளரின் நம்பரைத் தேடி எடுத்து நானே அழைத்தேன். பால், அறுகம்புல், மாமன் முறை எல்லாவற்றையும் ஜெர்மன் மொழியில் விளக்கினேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்தச் சடங்கை வெள்ளி காலைக்கு மாற்ற முடியாதா? அவன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை."

அப்படி நான் யோசித்ததே இல்லை. மண்டபத்தில், முந்நூறு பேருக்கு முன்னால் செய்தால்தான் சடங்கு என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. உடனே ஐயருக்கு அழைத்தேன்.

"வெள்ளி காலமை ஏழேகாலுக்கு நல்ல நேரம் இருக்குது பிள்ளை. முதலே கேட்டிருக்கலாமே," என்றார்.

வெள்ளிக்கிழமை சோபாவைத் தள்ளிவைத்து, வரவேற்பறையிலேயே செய்தோம். கவிஷன் வேட்டி கட்டியிருந்தான். கை நடுங்கியது. "நாளைக்குக் காலும் இப்பிடித்தான் நடுங்குமோ மாமா?" என்று கம்சனா சிரித்தாள்.

மறுநாள் மண்டபத்தில், அவளுடைய குழந்தைப் படங்களைக் காட்ட வைத்திருந்த பெரிய திரையில் ஆட்டத்தைப் போட்டோம். கொலோனிலிருந்து வந்த தம்பித்துரைப் பெரியப்பாவுக்கு முகம் சரியில்லை. "தாய்மாமன் இல்லாத சபையும் ஒரு சபையோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

எழுபதாவது நிமிடம் கவிஷன் களத்தில் இறங்கினான். முதல் பந்தையே எதிரணிக்காரன் காலில் கொடுத்தான். மண்டபமே "ஐயோ!" என்றது. பெரியப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "விடாதை தம்பி! ஓடு, ஓடு!" துரத்திப்போய்ப் பறித்தான். அதன்பிறகு ஒரு பந்தும் அவனிடமிருந்து தவறவில்லை.

திங்கட்கிழமை அதே கழகத்தோடு இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். எங்கள் அம்மாவும் அப்பாவும் அங்கேதான் இருந்தார்கள்.

"தாங்க்ஸ் அக்கா."

"கூடப்பிறந்தவளுக்கு ஆரும் நன்றி சொல்லுவினமோ, விசரா!" என்று ஏசினேன்.

ஆனால் எனக்காகத் தன் எதிர்காலத்தையே விடத் துணிந்த பிள்ளை அவன். நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன். அழுதுகொண்டே, அம்மா அப்பாவுக்கு முன்னால், அவன் கையைப் பிடித்துச் சொன்னேன்.