சாணிக்குக் காவல்

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டது நகைக்கோ புடவைக்கோ அல்ல, சாணிக்கு. இருந்தவை இரண்டே மாடுகள். சாணி முழுவதும் நிலத்துக்கு எருவாக வேண்டும் என்பார் அப்பா. வறட்டியாகி அடுப்புக்கு வர வேண்டும் என்பாள் அம்மா. எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதையை ஒட்டி வீடு, பின்னால் கொஞ்சம் மானாவாரி நிலம்.

முந்தின வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வெளுத்துப்போய்ச் சரியாகக் காய்க்கவில்லை. "மண்ணுக்குச் சோறு போடாம நாம மட்டும் துன்னா எப்டி? இனிமே ஒரு கை சாணிகூட அடுப்புக்குப் போவக் கூடாது" என்று அப்பா தீர்ப்புச் சொல்லி, பத்து வயதுப் பெண்ணான என்னைக் காவல் வைத்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் நாளே அம்மா கொல்லைச் சுவரில் நாலு வறட்டி தட்டினாள். "அப்பாகிட்ட சொல்லாதடி" என்று ஒரு கட்டி வெல்லம் கொடுத்தாள். தின்று முடித்த கையோடு போய்ச் சொல்லிவிட்டேன். உண்ட வீட்டுக்கு இரண்டகத்தை அவ்வளவு சீக்கிரம் யாரும் செய்திருக்க மாட்டார்கள். அப்பா அவளைத் திட்டவில்லை. ஈர வறட்டிகளைப் பிய்த்து எருக்குழியில் போட்டார், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களோடு மலைக்கு விறகு வெட்டப் போனாள். முதலில் காய்ந்த சுள்ளி, அது தீர்ந்ததும் பச்சைக் கிளை. ஒருநாள் காட்டிலாகா கார்டு ஒருவர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பினார். அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். கூழுக்கு நேரமாகிவிட்டதே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அந்த ஐப்பசியில் மலைத் தண்ணீர் செம்மண்ணை அடித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடி முடிந்தது. கிணற்றில் ஊறவே இல்லை. மழை கம்மி என்று மழையைத்தான் குறை சொன்னோம்.

ஆனால் மல்லாட்டை கரும்பச்சையாக எழும்பி, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. முதலில் பிடுங்கிய காயைக் காவல்காரிக்கென்று அவிக்கச் சொன்னார் அப்பா. அம்மா ஈர விறகை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் புகை.

"ஏம்மா மலை மொட்டையா கீது?" என்று கேட்டேன். பதிலையும் நானே சொன்னேன். "வருஷா வருஷம் உச்சில தீபம் ஏத்துறாங்கல்ல, அந்தச் சூட்டுல மரமெல்லாம் கருகிடுச்சு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்டியே வெச்சிக்க" என்றாள்.

புகையில்தான் கண் கலங்குகிறது என்று நினைத்தேன். எங்கள் நிலத்தின் பச்சை எங்கிருந்து இறங்கி வந்தது என்றோ, அந்த அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது மலைதான் என்றோ எனக்குத் தெரியவில்லை. காய் இன்னும் வேகவில்லையா என்றுதான் கேட்டேன்.