மாவட்டத்துக்கே இரண்டு வண்டி

வண்டிக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுவது மிளகாய் நெடிதான். எத்தனை முறை கழுவினாலும் சீட்டை விட்டுப் போகாது. புதிதாக ஏறுகிறவர் யாராக இருந்தாலும் பக்கத்து ஊர் அபிராமம் தாண்டுவதற்குள் நாலு தும்மல் போட்டுவிடுவார்...

தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கிய வண்டி அது. உயரத்தில் ஜீப், நீளத்தில் கார். இப்போது காம்பாக்ட் எஸ்யூவி என்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது 'குட்டி ஜீப்பு'. கம்பெனி பெயரைச் சொன்னாலும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்காரர் அப்போது சவூதியில். நான் குண்டு மிளகாய் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மழை பெய்தால் போதும், எங்கள் கரிசல் பாதையில் மாட்டுவண்டியே அச்சு வரைக்கும் இறங்கிவிடும். அதனால் மழை விட்ட மறுநாள், வண்டியைக் காட்ட மதுரையிலிருந்து வந்த ஷோரூம்காரரை இறங்கச் சொல்லிவிட்டு, நானே அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். வழுக்கியது, திணறியது, ஏறிவிட்டது. பாவம், அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார்.

கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் வாங்குகிற கம்பெனியில் வாங்கச் சொன்னார்.

"நாளைக்கு வித்தா ஒருத்தனும் வாங்க மாட்டான், மதினி."

"விக்கிறதுக்கா வாங்குறேன்?" என்றேன்.

ஒருநாள் ராமநாதபுரம் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது, அதே வண்டி, பச்சை நிறத்தில், பக்கத்தில் வந்து நின்றது. அறுபதை நெருங்கிய ஒருவர் இறங்கி, என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு கேட்டார்: "உங்களதுலயும் மூணாவது கியரு முரண்டு பிடிக்குதா, தாயி?"

சகாயம் அண்ணன் எனக்கு அறிமுகமானது அப்படித்தான். திருப்பாலைக்குடியில் ஐஸ் பிளான்ட் வைத்திருந்தார். மாவட்டத்தில் இந்த வண்டி மொத்தமே இரண்டுதான் என்று விசாரித்து வைத்திருந்தவரும் அவரே.

மூன்றே வருஷத்தில் மதுரை ஷோரூமை மூடிவிட்டார்கள். அதன்பின் எங்களுக்கு நாங்களே கம்பெனி. கோயம்புத்தூர் போனால் கிளட்ச் கேபிள் இரண்டாகத் தேடி வாங்குவேன். என் சைடு கண்ணாடி உடைந்தபோது, அண்ணன் தன் வண்டியிலிருந்து கழற்றி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு பை கருவாடு...

ஏழெட்டு வருஷம் போனது. என் எஞ்சினில் விரிசல் விழுந்து வண்டி படுத்துவிட்டது. அவர் வண்டியில் எஞ்சின் கல்லு மாதிரி இருந்தது, ஆனால் உப்புக்காற்றில் அடிப்பாகம் அரித்து, காலுக்குக் கீழே ரோடு தெரிந்தது. இரண்டையும் பார்த்த மெக்கானிக், சேர்த்தால் ஒன்று தேறும் என்றார்.

யாருடையது?

அவர் என் வண்டியின் பாடியைக் கேட்டார். நான் அவர் எஞ்சினைக் கேட்டேன். போனில் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு இரண்டு மாதம் இருவருமே போன் செய்யவில்லை.

அப்போதுதான் அவர் மனைவி அமலோற்பவம் மதினி, பஸ் ஏறித் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணனுக்குக் கண் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறதாம். போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்படியும் சாவியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாராம்.

"எதுக்க வர்ற சைக்கிளே தெரியல அவுகளுக்கு. நீங்க எஞ்சினை எப்படியாவது கேட்டு வாங்கிருங்க, தாயி. நான் வந்தது மட்டும் தெரிய வேணாம்." சொல்ல மாட்டேன் என்று வார்த்தை கொடுத்து அனுப்பினேன்.

நான் ஆசைப்பட்ட எஞ்சின் வீடு தேடி வந்துவிட்டது. ஆனால் ஒன்றும் தெரியாத மாதிரி அவரிடம் எப்படிப் பேரம் பேசுவது?

மறுநாள் திருப்பாலைக்குடிக்குப் போனேன். ஐஸ் உடைக்கிற இடத்தில் நின்றிருந்தார். நேராகவே சொல்லிவிட்டேன். "அண்ணே, மதினி வந்திருந்தாக. கண்ணைப் பத்திச் சொன்னாக."

உள்ளேயிருந்து மதினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

அண்ணன் மெதுவாகச் சொன்னார். போன வாரம் கடற்கரை ரோட்டில் ஒரு அம்மாவின் மீன் கூடையைத் தட்டிவிட்டாராம். அடி ஒன்றுமில்லை. அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை.

"அன்னைக்கே நிப்பாட்டிருக்கணும். ஒருத்தரும் கேக்காம நானா எப்படி நிப்பாட்டுறது, தாயி?"

சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

அவர் எஞ்சினை என் வண்டியில் ஏற்றியதும், முதல் ஓட்டத்துக்கு அவரைத்தான் பக்கத்தில் உட்காரவைத்தேன். தேவிபட்டினம் வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார். சத்தத்தைக் கேட்டே, "இப்பப் போடுங்க மூணாவது" என்றார். போட்டேன். முரண்டு பிடிக்காமல் விழுந்தது.

மதினி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவரிடம் கொடுத்த வார்த்தையை மீறியது தப்புதான். ஆனாலும் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அந்த ஒட்டுப்போட்ட வண்டி இன்னும் மூன்று வருஷம் ஓடியது. மாதம் ஒருமுறை ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் வருவார் அண்ணன். அவர் வீடு வரை நான் கொண்டுபோய் விடுவேன். வழியெல்லாம் எஞ்சினுக்கு என்ன செய்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வருவார்.

இப்போது நான் ஓட்டுவது பெரிய கம்பெனி வண்டி. நானே பார்த்து வாங்கியது. என்ன பார்ட்ஸ் கேட்டாலும் அரைமணி நேரத்தில் மாட்டிவிடுகிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பரமக்குடி போய் வருவதற்குள் இதே வண்டி பதினைந்து இருபது எதிரே வருகிறது...

அதில் ஒருத்தர் பெயர்கூட எனக்குத் தெரியாது.