வரப்போரத்து ஆனைக்கொம்பன்

எங்கள் சுத்துக்கேணிப் பக்கத்தில் அப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. காப்பி குடிப்பதற்கு முன்னால் வயல் வரைக்கும் ஒரு நடை நடந்து, பயிர் எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். தை மாதத்தில் கல்யாணம் செய்துவைக்க இந்த வீட்டால் முடியுமா என்பதைப் பயிர் சொல்லிவிடும். பெண்ணைப் பார்ப்பது அப்புறம்தான்.

என் அத்தையை, அதாவது அப்பாவின் கடைசித் தங்கையைப் பார்க்க வருவதாக ஆள் விட்டுச் சொல்லியனுப்பிய ஐப்பசியில், எங்கள் வயலில் ஆனைக்கொம்பன் விழுந்திருந்தது. புதிதாக வந்த ஐ.ஆர். எட்டு நெல்லை நட்டிருந்தோம். கொசு மாதிரி ஒரு பூச்சி முட்டையிட, அதன் புழு நெல்லின் குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குருத்தில் கதிர் வராது. வெங்காயத்தாள் போல உருண்ட குழலாக, வெள்ளி நிறத்தில் நீண்டு நிற்கும். இதில் கூத்து என்னவென்றால், நோய் கண்ட பயிர் பக்கத்திலேயே புதிது புதிதாகத் தூர் கட்டிக்கொண்டு, தெரியாதவர் கண்ணுக்கு ஏகச் செழிப்பாக இருக்கும்.

அதை நம்பித்தான் சித்தப்பா திட்டம் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் மூலக்குளத்துக்காரர்கள், மில் வேலை. அவர்களுக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்? வரப்பில் நின்றால் கண்ணில் படுகிற குழல்களை மட்டும் பிடுங்கிவிட்டால் போதும் என்றார். முதல் நாள் சாயங்காலம் அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் இடுப்பொடியப் பிடுங்கினோம். எனக்கு எட்டு வயது. பிடுங்கியதையெல்லாம் சித்தப்பா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குழி வெட்டிப் புதைத்தார். பளபளவென்று இருக்கிறதே என்று ஒரு பிடியை மட்டும் நான் பாவாடையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எனக்குத் தலை வாரிவிடும்போது அத்தை அதைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வாழைநாரால் கட்டி என்னிடமே கொடுத்தாள்.

"வர்றவங்களுக்கு நம்ம நெலத்துல இருந்து எதனா குடுக்கணும் இல்ல? மாப்பிள்ளையோட அம்மா கையில குடுடி. வயலப் பாத்துட்டு வந்தப்புறம் குடு."

"அப்பா திட்டாதா?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லாது."

மாப்பிள்ளையின் முதல் சம்சாரம் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. மூன்று பிள்ளைகள். அத்தைக்கு அப்போது பத்தொன்பது. விளையாட மூன்று பேர் ஒரேயடியாகக் கிடைக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வந்தார்கள். வரப்பில் நின்றுகொண்டு மாப்பிள்ளையின் அப்பா, "பயிரு நல்லா தளதளன்னு இருக்குதுபா" என்றார். சித்தப்பா தனக்குத் தெரிந்த உரங்களின் பெயரையெல்லாம் ஒப்பித்தார். வீட்டுக்குத் திரும்பிப் பாயில் உட்கார்ந்ததும், நான் போய் மாப்பிள்ளையின் அம்மா மடியில் என் பரிசை வைத்தேன்.

அந்த அம்மாள் பிறந்து வளர்ந்தது பாகூரில், நெல்லுக்கு நடுவில் என்று யாரும் சித்தப்பாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரு குழலை எடுத்து நகத்தால் கீறினாள். உள்ளே சிவப்பாக ஒரு புழு நெளிந்தது.

"இத எங்கடி புடுங்கின?"

"எங்க வயல்லதான். வரப்போரமா இருந்ததெல்லாம் நாங்க புடுங்கிட்டோம். நடுவுல இன்னும் நெறய இருக்குது" என்றேன். வேண்டுமானால் இன்னும் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்வதற்குள் சித்தப்பா இருமத் தொடங்கிவிட்டார்.

மரியாதை தெரிந்தவர்கள், காப்பியைக் குடித்தார்கள். "சொல்லி அனுப்புறோம்பா" என்று எழுந்தார்கள். சொல்லியனுப்ப மாட்டார்கள் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

அவர்கள் தெரு திரும்பியதும் அப்பா புளியங்குச்சியை எடுத்தார். "யாருடி குடுக்கச் சொன்னது?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கதவைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறப்பாள் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. "நானேதான் குடுத்தேன்" என்றேன். வீரமெல்லாம் இல்லை, அவள் முகத்தைப் பார்த்தபோது அவள் பெயர் வாயில் வரவில்லை. காலில் நாலு அடி விழுந்தது. அத்தை மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

பிற்பாடு கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தடித்திருந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதாள். "உன்ன மாட்டிவுட்டுட்டேன்டி" என்றாள். என் கோபமெல்லாம் போய்விட்டது. நல்ல இடம் தட்டிப்போன துக்கத்தில் அழுகிறாள், அதற்கு நான்தானே காரணம் என்று நினைத்தேன்.

"அழாத அத்த. சாமிகிட்ட வேண்டிக்கறேன். அவங்களே திரும்பி வந்து உன்னக் கட்டிக்குவாங்க" என்றேன்.

எண்ணெய்க் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "வேணாண்டி. எந்தச் சாமிகிட்டயும் அதக் கேக்காத."

சரியென்று தலையாட்டினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில், அவளுக்குத் தெரியாமல், மாரியம்மன் கோயில் வாசலில் நின்று மனசார வேண்டிக்கொண்டேன்.