அண்ணனின் குண்டு மெஷின்

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். தண்டையார்பேட்டையில் ஒற்றைக் கதவு வைத்த சின்னக் கடை. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் பழைய கம்பியை அறுத்தெறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். ஓடாததை ஓடவைப்பதுதான் பிழைப்பு என்பதால் எனக்குள் ஒரு திமிர் வளர்ந்திருந்தது. எதையும் பிரித்துப் பார்த்தால் சரிசெய்துவிடலாம் என்ற திமிர். அண்ணன் விஷயத்தில்தான் அது ஒழிந்தது.

அண்ணன், துறைமுகத்துக்கு வெளியே மாலுமிகள் வந்து உட்காரும் ஒரு கிளப்பில் இருபது வருஷம் வேலை பார்த்தார். மேசை துடைப்பது, பாட்டில் அடுக்குவது, சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பது. அங்கே ஒரு பின்பால் மெஷின் இருந்தது. எந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ தெரியாது. சாய்வான பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே ஒரு இரும்புக் குண்டு. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் குண்டு மேலேறி, விளக்கிலும் மணியிலும் மோதிக்கொண்டு கீழே வரும். அது ஓட்டைக்குள் விழுவதற்குள், பெட்டியின் இரு பக்கமும் உள்ள பொத்தான்களை அழுத்தி, இரண்டு சின்ன மட்டைகளால் அதைத் திருப்பி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அண்ணன் அதைக் குண்டு மெஷின் என்பார். ஒரு மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் ஆடுவதைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விரல்கள் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தன. வெள்ளைக்கார மாலுமி ஒருவன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கிளப்பை மூடிவிட்டார்கள். இப்போதெல்லாம் கப்பல் வந்த வேகத்தில் கண்டெய்னரை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது, மாலுமிக்குக் கால் தரையில் படவே நேரமில்லை என்று அண்ணன் சொன்னார். அடுத்த சித்திரையில் ஒரு நாள் காலை, குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். கால் கொஞ்சம் வந்தது, பிடித்துக்கொண்டால் நிற்பார். பேச்சு 'தா', 'தூ' என்பதோடு நின்றது. கை மட்டும் வரவில்லை. அனுப்பும்போது, பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைத் தந்தார். காலையில் நூறு தடவை, சாயங்காலம் நூறு தடவை அதைப் பிடிக்கச் சொல்ல வேண்டும், அவரால் முடியாவிட்டால் நாங்கள் அவர் விரல்களைப் பந்தின்மேல் மடக்கி மடக்கி விட வேண்டும் என்றார். முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான், அப்புறம் ரொம்பக் கஷ்டம் என்று இரண்டு முறை சொன்னார். நான் தலையாட்டினேன்.

ராயபுரத்தில் கடலுக்கு எதிரே இருந்த எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, நான் என்று மூன்றே பேர். முதல் மாதம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் அதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. நூறு தடவை மடக்கினால் நூறு தடவையும் அதே செத்த விரல். ஒரு மோட்டாரைத் தட்டினால் சத்தமாவது வரும். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அதை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் பழைய இரும்பு வாங்கும் ஒரு குடோனுக்கு மோட்டார் பார்க்கப் போனேன். சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் குண்டு மெஷின் நின்றது. கால்கள் இல்லை, கண்ணாடி இல்லை, உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணனின் விரல்கள் எங்கே ஓடினவோ அங்கேயே கொண்டுபோய் வைத்தால் வராமலா போகும்? பந்து என்ன பந்து, இதுதான் மருந்து என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். குடோன்காரருக்கு இரண்டு மோட்டார் கட்டிக் கொடுத்து அதற்குப் பதிலாக அதை வாங்கினேன். "தூக்கினு போ நைனா, எடத்த அடைச்சிக்கினு கீது" என்றார் அவர்.

மீன்பாடி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர், "இன்னா மாமு, வூட்ட கிளப்பா மாத்திக்கினு கீற?" என்று கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நான் அண்ணனைத்தான் பார்த்தேன். அவர் இடது கையால் பெட்டியின் விளிம்பைத் தடவினார், கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த நோயில் எதற்கெடுத்தாலும் அழுகை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது எனக்கு நினைவிருந்தது. இருந்தும் நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

திருவொற்றியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த நண்பன் ஆங்கிள் இரும்பில் ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தான். அதை அண்ணனின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தினோம். காசைப் பார்த்துத்தான் எல்லாம் செய்ய வேண்டியிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையங்களுக்குச் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டினேன். விளக்குகளுக்குச் சைக்கிள் டைனமோ பல்பு பொருந்தியது. குண்டு பாரிமுனையில் ஒரு பேரிங் கடையில் கிடைத்தது. வெளிநாட்டு மெஷின் என்பதால் நம் ஊர் கரண்டைப் பாதியாகக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மரை நானே கட்டினேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மெஷினின் உள்ளே கை நகம் அளவுத் தகடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. குண்டு எங்கே மோதியது, எந்த மணி அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டும் விட்டும்தான் தீர்மானிக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்குவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும். கடலோடு யார் சண்டை போட முடியும்? மட்டைகளை இழுக்கும் காயில்களை நான் மோட்டார் கட்டுகிற பழக்கத்தில் ஒரே கம்பியில் சுற்றினேன். பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தால் காயில் எரிந்தது. இப்படி மூன்று எரிந்தன. பிறகுதான் பழைய காயிலின் மிச்சத்தை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தேன். இழுக்க ஒரு தடித்த கம்பி, பிடித்துவைக்க ஒரு மெல்லிய கம்பி என்று இரண்டு சுற்று. கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காமல் ஒரு மாதம் போயிருந்தது.

இதற்கு நடுவில் மஞ்சள் பந்து காணாமல் போனது. அண்ணி கட்டிலுக்கடியிலும் அலமாரிப் பின்னாலும் தேடினார். மெஷினுக்குக் கீழே மட்டும் கை வைக்கவில்லை. அங்கே என் கம்பிச் சுருள்களும் தகர டப்பாக்களும் அட்டைப் பெட்டிகளும் கிடந்தன, அவற்றைத் தொடக் கூடாது என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். வேறு பந்து வாங்கட்டுமா என்று கேட்டார். "இன்னாத்துக்கு அண்ணி? மெஷினு ரெடி ஆயிடும். கை தானா வரும்" என்றேன். வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அண்ணன் அந்த நாட்களில் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். நான் வேலையில் உட்கார்ந்ததும் இடது கையை நீட்டி மெஷினின் அடிப்பக்கத்தைக் காட்டுவார். 'தூ, தூ' என்பார். இருபது வருஷம் அதோடு பழகிய மனிதர் ஆயிற்றே, பழுது எங்கே என்று சொல்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடிப்பலகையைக் கழற்றி ஒயர்களைச் சோதிப்பேன். ஒன்றிரண்டு தடவை அங்கே அறுந்த ஒயரும் கிடைத்தது. "பாத்தியா அண்ணி, எல்லாம் ஞாபகம் கீது அவருக்கு" என்று பெருமையடித்தேன். அண்ணன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷின் ஓடியது. குண்டை இழுத்துவிட்டதும் விளக்குகள் எரிந்தன, மணிகள் அடித்தன, புள்ளிக் கணக்கு காட்டும் சக்கரங்கள் கடகடவென்று சுற்றின. தெருவில் போனவர்கள் ஜன்னலில் வந்து நின்றார்கள். அண்ணனை உடனே நிறுத்தி ஆடவைத்திருக்கலாம். ஆனால் மறுநாள் பூஜை. எங்கள் தொழிலில் அன்றைக்கு எந்த ஆயுதத்தையும் தொட மாட்டோம், துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்போம். அதற்கு அடுத்த நாள் விஜயதசமி, எதையும் தொடங்க நல்ல நாள். அண்ணன் அன்றைக்கே ஆரம்பிக்கட்டும் என்றேன். நல்ல காரியத்தை நல்ல நாளில் செய்யும் ஆசை, வேறென்ன.

பூஜைக்கு மெஷினைத் துடைத்தேன். கீழே கிடந்த குப்பையை வெளியே எடுக்கச் சோம்பல். அண்ணியின் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டி மறைத்தேன். உள்பக்கமும் ஆசீர்வாதம் பெறட்டும் என்று குண்டு ஓடும் மேல்பலகையைத் தூக்கி நிறுத்தினேன். அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு நின்று, உள்ளேயும் வைக்கலாமா என்று கேட்டார். கடையில் நான் டெஸ்டருக்குக்கூடச் சந்தனம் வைக்கிறவன். "வை அண்ணி. எல்லாத்துக்கும் வை" என்றேன். அவர் ஒவ்வொரு காயிலுக்கும் ஒவ்வொரு தகட்டுக் கட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. அத்தனை பொட்டுக்கும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து அண்ணனை எழுப்பி மெஷின் முன் நிறுத்தினோம். அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இடது கை தானே போய்ப் பொத்தானில் உட்கார்ந்தது. வலது கையை நான் எடுத்து வைத்தேன். குண்டை விட்டேன். இடது மட்டை டக் டக்கென்று அடித்தது. பழைய அண்ணன் பாதி திரும்பிவிட்டார். குண்டு வலது பக்கம் உருண்டது. "அடிணா" என்றேன். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. விரல் அசையவில்லை. குண்டு மட்டையின் மேலேயே மெதுவாக உருண்டு ஓட்டைக்குள் போனது. மறுபடி விட்டேன். மறுபடியும் அங்கேயே போனது. மூன்றாவது குண்டின்போது புகை வந்தது.

சந்தனம் காய்ந்து தகடுகளை ஒட்டவைத்திருந்தது. விட வேண்டிய காயில்கள் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்து ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் டிரான்ஸ்பார்மரும் போய்விட்டது. அண்ணி அண்ணனைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, தன்னால்தான் என்று அழுதார். ஊருக்கெல்லாம் காயில் கட்டுகிறவன் நான்; சந்தனத்தை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் புகையைப் பார்க்கவே இல்லை. இடது கையை நீட்டி மறுபடியும் கீழே காட்டினார். 'தூ, தூ.' எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"சும்மா குந்துணா. கீழ ஒண்ணும் இல்ல."

அண்ணன் கையை மடியில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் காட்டவில்லை.

மெஷினை மறுபடி பிரிக்க எனக்குக் கை வரவில்லை. கார்த்திகை மழையில் கூரை ஒழுகி அதன்மேலும் சொட்டியது. குடோன்காரரிடம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு ஆட்களோடு மீன்பாடி வண்டி வந்தது. அண்ணனைச் சுவரோரம் நாற்காலியில் உட்காரவைத்தோம். பெட்டியைத் தூக்கினார்கள், ஸ்டாண்டை இழுத்தார்கள், புடவைத் திரை அவிழ்ந்து விழுந்தது. டப்பாக்களையும் அட்டைப் பெட்டிகளையும் நான் காலால் ஒதுக்கினேன். சுவர் மூலையில், எலிப் புழுக்கைக்கும் கம்பித் துண்டுகளுக்கும் நடுவில், தூசி படிந்து மஞ்சள் பந்து கிடந்தது.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிலில் தலை வைத்துப் படுக்கும் இடத்திலிருந்து, டப்பாக்களின் இடுக்கு வழியாக, அந்த மூலை நன்றாகத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரை கட்டும்வரை ஒவ்வொரு நாளும் அவருக்கு அது தெரிந்திருக்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடித்தவன் நான்; அவரோ அத்தனை மாதமும் தும்பையே காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி குனிந்து பந்தை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். என்னிடம் நீட்டினார். நான் அண்ணனின் முன்னால் தரையில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையில் பந்தை வைத்து விரல்களை மடக்கினேன். கையை எடுத்ததும் விரல்கள் விரிந்தன, பந்து உருண்டு விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன்.

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். அது ஏழாவது மாதம்.