இழை எண்ணி வாங்கிய கேமரா

என் முதல் எஸ்.எல்.ஆர் கேமராவை ஒரு முழத் துணியை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். இதைச் சொன்னால் சிரிக்காதவர்கள் கிடையாது. நானும் அவர்களோடு சேர்ந்து பல வருடம் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு கருமத்தம்பட்டியில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள். அப்பா தறி ஓட்டுவார். தறிக்கு வேண்டிய நூலைக் குச்சிகளில் சுற்றித் தருவது அக்காவின் வேலை. நான் அவிநாசி ரோட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். விளக்கு வைத்த மேஜையில் துணியை விரித்து, அறுந்த இழை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன ஊடை இழை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். நாள் முழுக்கக் குறையையே தேடுகிறவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் புத்தி மாறாது. சோற்றில் கிடக்கும் கல் அம்மாவுக்கு முன்பே என் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட எனக்கு அக்கா முகத்தில் இருந்த அம்மைத் தழும்புகள் மட்டும் ஒருநாளும் தெரிந்ததில்லை. நான் பிறக்கும் முன்பே அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா முகம் என்றால் அதுதான்.

மற்றவர்களுக்குத் தெரிந்தது. அக்காவுக்கு முப்பத்தொன்று ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. புரோக்கர் பையில் ஜாதகத்தோடு அவளுடைய போட்டோ ஒன்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய இருபத்துமூன்றாவது வயதில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அந்த ஸ்டூடியோக்காரர் நெகடிவ்வின் மேலேயே பென்சிலால் மெல்லத் தீட்டித் தழும்புகளை மூடிவிட்டிருந்தார். படத்தில் அக்காவின் கன்னம் புளி போட்டுத் துலக்கிய சொம்பு மாதிரி இருக்கும். படத்தைப் பார்த்து ஆசையாக வருவார்கள். அக்கா காப்பித் தட்டோடு வந்து நின்றதும் வந்தவர்களின் முகம் மாறும். "ஊட்டுல கலந்து பேசிப்போட்டுச் சொல்றோமுங்க" என்று எழுந்துவிடுவார்கள். எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எண்ணுவதை அம்மா எப்போதோ விட்டுவிட்டாள்.

கடைசியாக வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா, செருப்பைப் போட்டுக்கொண்டே, "போட்டோல வேற பொண்ணாட்டம் இருந்துச்சுங்களே" என்றார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. சமையலறையில் இருந்த அக்காவுக்கு அது கேட்டது. அவள் அழவில்லை. வந்தவர்கள் குடித்த டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபமெல்லாம் அந்த ஸ்டூடியோக்காரர் மேல் திரும்பியது. பொய்ப் படம் கொடுத்தால் வருகிறவன் ஏமாறத்தானே செய்வான்? அக்கா சிரித்தால் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். உள்ளதை உள்ளபடி அழகாக எடுத்தால் அவளைப் பிடிக்காதவன் யார் இருக்க முடியும்? நானே எடுப்பது என்று முடிவு செய்தேன். ஆவணியில் முகூர்த்தம் தொடங்குவதற்குள் புதுப்படம் வேண்டும் என்று புரோக்கரும் சொல்லியிருந்தார்.

கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கிலப் போட்டோப் பத்திரிகைகளை வாங்கி வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பாதி புரிந்தது. பாதி புரிந்தவனுக்கு வருகிற திமிர் முழுதாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டவுன் பஸ் ஏறிக் காந்திபுரம் போய்விடுவேன். அங்கே ஒரு மாடிக் கடையில் செகண்ட் ஹேண்ட் கேமராக்கள் விற்றார்கள். கடைக்காரர் பொறுமைசாலி. நாலைந்து வாரம் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கிப் போகிறவனுக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் இரண்டு கேமராக்கள் மிஞ்சின. ஒன்று பழையது, கைக்குக் கனமானது. அதன் லென்ஸும் பழையது. இன்னொன்று கொஞ்சம் புதியது, லென்ஸ் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"ஏனுங்க தம்பி, முக்கியமா என்னங்க எடுக்கப் போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா, எல்லாந்தானுங்க" என்றேன்.

"ஆளுக முகம் எடுக்கறதுன்னா இந்தப் பழசு நல்லாருக்குமுங்க. கொஞ்சம் மெத்துன்னு வரும். அந்தப் புதுசு ரொம்பக் கறாருங்க."

மெத்தென்று வருமாம். இவரும் அந்த ஸ்டூடியோக்காரருக்குச் சொந்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வீட்டுத் தறியில் நெய்த காடாத்துணியில் ஒரு முழம் வெட்டி எடுத்துப் போனேன். கடை வாசலில் வெயில் விழுந்த சுவரில் அதை ஆணியடித்து மாட்டி, இரண்டு கேமராவிலும் சில படங்கள் எடுத்துப் பார்க்கக் கேட்டேன். "துணி வாங்க வந்தீங்களா, கேமரா வாங்க வந்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே பிலிம் போட்டுக் கொடுத்தார். பிரிண்ட் வந்ததும் கம்பெனியில் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் சின்னப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பழைய கேமராப் படத்தில் இழைகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. புதியதில் நெடுக்கே பாவும் குறுக்கே ஊடையும் தனித்தனியாகத் தெரிந்தன, எண்ண முடிந்தது. ஓர் ஓரத்தில் அறுந்து முடிச்சுப் போட்ட இழைகூடத் தெரிந்தது. அதையே வாங்கினேன். எங்கள் ஊர்க்காரனுக்கு வேறு எப்படி வாங்கத் தெரியும்?

படம் எடுத்த ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு லீவு. கொட்டகையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. கிழக்குப் பக்கம் ஜன்னலில் இருந்து காலை வெயில் சாய்வாக வந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அக்காவை உட்காரவைத்தேன். மாம்பழக் கலர்ச் சேலை கட்டி, பூ வைத்து, பவுடர் போட்டு வந்திருந்தாள்.

"பவுடரைத் துடைச்சிருங்க்கா. போட்டோல திட்டுத்திட்டாத் தெரியும்" என்றேன்.

"துடைக்கோணுமா கண்ணு?"

"ஆமாங்க்கா."

முந்தானையால் துடைத்தாள். அவள் கேட்ட கேள்வி இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை, போகஸ் சரியாக விழுந்ததா என்பதுதான் கவலை. ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தேன். நன்றாகச் சிரித்தாள்.

பிரிண்ட் கையில் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. தோட்டுக் கல்லில் ஜன்னலே தெரிந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள், அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், தறிக்குப் போய்விட்டார். அவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். எங்கள் வீட்டில் இருந்தது ரசம் போன சின்னக் கண்ணாடி. அதில் அவள் பொட்டு வைக்கும் அளவுக்குத்தான் தெரியும்.

"நல்லா எடுத்திருக்கற கண்ணு" என்றாள். பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இத்தனை இருக்குதா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். சாய்வான வெயிலில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் விழுந்திருந்தது. கன்னம், நெற்றி, மூக்கு நுனி, எல்லா இடத்திலும். வேண்டுமானால் எண்ணிவிடலாம். என் அக்காவை நான் செக்கிங் மேஜையில் விரித்துவிட்டேன்.

"இது வேண்டாம் அம்மணி, பழசே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

"இதையே குடுங்கம்மா. வர்றவங்க எல்லாத்தையும் பாத்துப்போட்டே வரட்டும்."

அக்கா குரலில் கோபம் இல்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அவள் கேட்கவில்லை. பழைய படத்தைப் புரோக்கரிடமிருந்து அவளே திருப்பி வாங்கினாள். அவள் அப்படிச் சொன்னதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. உண்மை ஜெயிக்கும் என்று நம்புகிற வயசு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாருமே வரவில்லை. ஆவணி போனது, தை போனது, அடுத்த ஆவணியும் போனது. முன்பெல்லாம் வந்து பார்த்துவிட்டாவது போனார்கள். "ஏனுங்க தம்பி, இத்தனை தெளிவா எடுக்கோணுமுங்களா?" என்று புரோக்கர் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன், அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அந்தப் பொய்ப் படத்தைப் பார்த்து வந்தவர்களில் ஒருவனுக்காவது, நேரில் பார்த்த பிறகு, மனது இளகியிருக்கலாம். நாலு வார்த்தை பேசியிருந்தால் அவளைப் பிடித்துப் போயிருக்கும். அந்த வாசலை அடைத்தவன் நான்.

அக்காவின் முப்பத்துமூன்றாவது வயதில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மனைவி இறந்தவர், இரண்டு பிள்ளைகள், அக்காவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவர்கள் போட்டோவே கேட்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அக்கா யோசிக்க ஒருநாள்கூடக் கேட்காமல் சரி என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. அப்பாவுக்கு முன்னால் அழக் கூச்சமாக இருந்ததால் வெளியே போய் நின்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மூன்று ரோல் பிலிம் வாங்கி வந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கையில் மருதாணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வர்ற சனம் எல்லாத்தையும் எடு கண்ணு. அந்தக் கொழந்தைக ரெண்டையும் நல்லா எடு" என்றாள். என் கையிலிருந்த கேமராவைப் பார்த்தாள். "என்னைய மட்டும் உட்டுரு."

"அக்கா..." என்றேன்.

"உம்மேல கோவமெல்லாம் இல்ல சாமி."

அவள் சொன்னபடியே செய்தேன். அந்த மூன்று ரோலிலும் அக்கா இல்லை.